ஒரு ரிங் என்றால் நலம்

7 ஒக்டோபர், செவ்வாய்

காலையிலிருந்து தூறல். எதிர்மலை தெரியவில்லை. தாய்மார் கொழுந்துக்குப் போக, பிள்ளைக்காம்பராவில் இன்று என் பொறுப்பில் பதினொரு பிள்ளைகள், மூன்று பேருக்குச் சளி. சத்துமா முடிந்தது, ஆபீசுக்குச் சொல்ல வேண்டும். காலில் இரண்டு அட்டை. எப்போது ஏறியதோ.

இன்று போனில் வந்த கோல்கள்:
லொத்தர் விழுந்திருக்கிறது என்று ஒருவன். சிங்களம். நான் வாழ்நாளில் லொத்தர்ச் சீட்டு வாங்கியதில்லை.
பார்சல் வந்திருக்கிறதாம், வரி கட்டினால் தருவார்களாம். யார் அனுப்பியது என்றால் "உங்க ஃபிரண்ட்". எனக்கு ஏது ஃபிரண்ட்.
பாட்டு வேண்டுமென்றால் ஒன்றை அமத்துங்கள் என்று மெஷின்காரி. அவளைத் திட்டிப் பயனில்லை. ஆனாலும் திட்டினேன்.

அவருக்கு எரிச்சல் தாங்கவில்லை. "அந்த சிம்ம தூக்கி வீசிட்டு வேற ஒண்ணு போடு சரசு. நாய்த் தொல்லயா இருக்கு." சீனி வருத்தத்தில் கால் புண்ணாகி நாள் முழுக்கக் கட்டில். ஜன்னல் ஆணியை விட்டால் காம்பராவில் வேறெங்கும் சிக்னல் இல்லை. அதனால் போன் அவர் தலைமாட்டில்தான் தொங்குகிறது, அங்கேதான் அலறுகிறது.

எப்படி வீசுவது. ரியாதில் வீட்டு வேலையில் இருக்கும் ரேவதிக்கு மனப்பாடமாகத் தெரிந்த ஒரே நம்பர் அது. தெரியாத நம்பரை எடுக்காதே என்று ஊரே சொல்கிறது. என் மகள் வருவதே தெரியாத நம்பரில்தான்.

பகல் சாப்பாட்டுக்கு வந்தபோது அவர் முகத்தைப் பார்த்ததும் தெரிந்துவிட்டது. "அடிச்சிட்டா. பத்து இருபதுக்கு. ஒரு ரிங்." கலண்டரில் சிவப்புப் பேனாவால் வட்டம் போட்டாயிற்று. இந்த மாதத்தில் நான்காவது. சோறு இறங்கியது.

நம்பரை இந்தப் புத்தகத்தின் கடைசிப் பக்கத்தில் எழுதினேன். ஒவ்வொரு தடவையும் வேறு வேறு நம்பர். யார் யாருடைய போனைக் கெஞ்சி வாங்கி அடிக்கிறாளோ பிள்ளை. அவள் ஊருக்கு வந்த பிறகு எல்லாருக்கும் ஒரு நாள் கோல் எடுத்து, உங்களுக்குப் புண்ணியமாகப் போகும் என்று சொல்ல வேண்டும்.

8 ஒக்டோபர், புதன்

மழை. கூரைத் தகரம் மறுபடி ஒழுகல், அவர் கால்மாட்டில் சட்டி வைத்தேன்.
கோல் ஐந்து. ஒன்றும் ரேவதி இல்லை.

ஒரு பெண், நல்ல தமிழில்: "மேடம், உங்க பேங்க் கார்டு முடங்கிப் போச்சு." கார்டே இல்லை என்றேன். "அப்ப வீட்டுல வேற யார்கிட்டயாவது போன குடுங்க." சிரிப்பு வந்தது. கட்டிலில் கிடப்பவரிடம் கொடுத்தேன். அவர் தன் புண்ணைப் பற்றிப் பத்து நிமிடம் சொன்னார். அவளே வைத்துவிட்டாள்.

சித்திரைப் புத்தாண்டுக்கு முன் ரேவதி கடைசியாகப் பேசியது ஒரு சொல் மாறாமல் காதில் இருக்கிறது. "புது வீட்டு மேடம் போன வாங்கி வச்சிக்கிட்டாம்மா. யாரு போனாவது கெடச்சா ஒரு ரிங் அடிச்சி கட் பண்றேன். ஒரு ரிங்னா நல்லா இருக்கேன்னு வச்சிக்கங்க. எடுத்துறாதீங்க, அவங்களுக்குக் காசு போயிரும். திருப்பியும் அடிச்சிராதீங்க, வீட்டுக்காரங்களுக்குத் தெரிஞ்சா வம்பு."

புதிய ஏற்பாடு ஒன்றும் இல்லை. பதுளையில் துணிக்கடையில் வேலை செய்தபோதும் பஸ்ஸை விட்டு இறங்கியதும் ஒரு ரிங் அடிப்பாள். இந்த லயத்து வீடுகளில் பாதிப் பேச்சு மிஸ்ட் கோலில்தான் நடக்கிறது. ஒரு ரிங், வந்து சேர்ந்தேன். இரண்டு ரிங், நீ எடு. போனுக்கு ரீலோட் போடக் காசில்லாத சனம் கண்டுபிடித்த பாஷை.

10 ஒக்டோபர், வெள்ளி

வெயில் எட்டிப் பார்த்தது. பிள்ளைகளின் விரிப்பெல்லாம் துவைத்துக் காயப்போட்டேன்.

மாலையில் பக்கத்துக் காம்பரா செல்வி வந்தாள். ரேவதியோடு ஒன்றாகப் படித்தவள், இப்போது மலையில் கொழுந்து பறிக்கிறாள். வந்ததும் வராததுமாக ஒரே புலம்பல்.

"அத்த, செவ்வாக்கெழம என்னமோ வெளிநாட்டு நம்பர்ல ஒரு ரிங் வந்து நின்னிச்சி. யாரோ என்னமோன்னு இன்னக்கி திருப்பி அடிச்சேன். ஏதோ பாட்டு பாடிக்கிட்டே இருந்திச்சி. ரெண்டு நிமிசத்துல போட்ட ரீலோட்டு பூராவும் போச்சி."

நம்பரைக் காட்டினாள். புத்தகத்தை எடுத்துப் பார்த்தேன். செவ்வாய்க்கிழமை எங்களுக்கு வந்த அதே நம்பர். ஒரு எண் பிசகவில்லை.

"ரேவதி ஒனக்கும் அடிச்சிருப்பா. கூட்டாளிதானே," என்றேன்.

"எந்நம்பரு அவளுக்குத் தெரியாதே அத்த. போன மாசந்தானே இந்த சிம்மே எடுத்தேன்."

யாரிடமாவது கேட்டிருப்பாள் என்று சொல்லிவிட்டு அடுப்பைப் பார்க்கப் போனேன். அடுப்பில் ஒன்றும் இல்லை.

அவர் கேட்கவில்லை, தூக்கம். நல்லது.

11 ஒக்டோபர், சனி

ஒரு ரிங், 4.05. அவர் வட்டம் போட்டார். நான் நம்பரை எழுதினேன். கை எழுதியது, மனசு எழுதவில்லை.

திங்கள் கிளினிக். இந்தப் புத்தகத்தையும் பையில் வைக்க வேண்டும்.

13 ஒக்டோபர், திங்கள்

ஆறேகால் பஸ். அவரைக் கிளினிக் வாங்கில் நம்பர் துண்டோடு உட்காரவைத்துவிட்டு, தேங்காய் எண்ணெய் வாங்கி வருகிறேன் என்று கடைத்தெருவுக்கு இறங்கினேன். ரீலோட் போடும் கடை. கடைக்கார நானா ஜித்தாவில் ஏழு வருடம் இருந்துவிட்டு வந்து கடை போட்டவர்.

செல்வி கதையைச் சொன்னேன். என் கதையைச் சொல்லவில்லை. அவர் சிரித்தார்.

"தோட்டத்துலருந்து இதே முறைப்பாட்டோட எத்தன பேர் வந்துட்டாங்க. களவாணிக் கூட்டம் அக்கா. கம்ப்யூட்டர்தான் அடிக்குது. ஒரு ரிங்ல நிப்பாட்டிரும். யாரோன்னு நாம திருப்பி அடிச்சா நம்ம காசு அவனுக்குப் போகும். திருப்பி அடிக்காட்டி ஒண்ணுமில்ல."

நான் திருப்பி அடிக்கவே இல்லை என்றேன்.

"அப்ப ஒங்களுக்கு ஒரு நட்டமும் இல்ல அக்கா."

புத்தகத்தின் கடைசிப் பக்கத்தைத் திறந்து மேசையில் வைத்தேன். என்ன ஏது என்று கேட்காமல் கண்ணாடியை மாட்டிக்கொண்டு கீழிருந்து மேலாக விரல் வைத்துப் பார்த்தார். "சவூதின்னா ஒம்பது ஆறு ஆறுல தொடங்கணும். இது இல்ல. இதுவும் இல்ல. இது எந்த நாடுன்னே தெரியல்ல. இல்ல. இல்ல." பக்கம் புரட்டினார். இல்ல. இல்ல. மறுபடி புரட்டினார். விரல் நின்றது.

"இது சவூதி."

ஜூலை 12. அதற்கு மேலே இன்னும் ஐந்து, மே மாதமும் ஜூனும். எல்லாம் சவூதி. கீழே ஒன்றுகூட இல்லை.

என் முகத்தைப் பார்த்துவிட்டு அவர் சிரிப்பை நிறுத்தினார். "யாரு அக்கா அங்க?"

மகள் என்றேன்.

தன் போனிலிருந்து அந்த ஆறு நம்பருக்கும் அடித்துப் பார்த்தார். இரண்டு பாவனையில் இல்லை. மூன்று எடுக்கவில்லை. ஒன்றில் ஒரு ஆண். நானா அரபியில் என்னவோ கேட்டார். பஸ் ஓட்டுகிறவனாம், எத்தனையோ பெண்கள் போன் கேட்பார்களாம், அவனுக்கு யாரையும் ஞாபகமில்லையாம். நானா காசு வாங்கவில்லை. தேத்தண்ணி வரவழைத்தார். குடிக்காமல் எழுந்து வந்தேன்.

கிளினிக்குக்குத் திரும்பி வந்தபோது அவர் கேட்டார், "எண்ண எங்க?" மறந்துபோனேன்.

14 ஒக்டோபர், செவ்வாய்

வேலைக்குப் போனேன். ஒரு பிள்ளைக்கு இரண்டு தடவை பால் கொடுத்திருக்கிறேன், இன்னொன்று பசியில் அழுதது. என் தலையில் அடித்துக்கொள்ள வேண்டும்.

கலண்டரில் ஜூலை 12க்குப் பிறகு வட்டங்கள் முப்பத்தொன்று. முப்பத்தொரு தடவை "பிள்ளை நல்லா இருக்கா" என்று சாப்பிட்டோம், படுத்தோம். முத்துமாரிக்கு முப்பத்தொரு விளக்கு. களவாணிப் பயல்கள் அடித்த ரிங்குக்குச் சாமிக்கு விளக்கு வைத்த ஒரே பைத்தியக்காரி நானாகத்தான் இருப்பேன். அவர்களுக்கு நன்றி சொல்லப் பட்டியல் வேறு.

ஆகஸ்ட் மாதம் தோட்டச் சங்கத் தலைவர் வீட்டுக்கே வந்து கேட்டார். "நாலு மாசமா பேச்சு இல்லன்னா முறைப்பாடு குடுத்துருவோம் சரசக்கா, நான் கூட வர்றேன்." வேண்டாம் என்று சொன்னது நான். "ரிங் வந்துக்கிட்டுத்தானே இருக்கு தலைவரே. நல்லாத்தான் இருக்கா. முறைப்பாடு அது இதுன்னு போயி அவ வேலைக்கு ஒல வச்சிராதீங்க." எவ்வளவு நிச்சயமாகச் சொன்னேன். வாயில் மண் விழ.

மற்றவர்களிடம் அவன் ரீலோட்டைத் திருடினான். என்னிடம் மூன்று மாதத்தைத் திருடிவிட்டான். அதுவும் அவன் கேட்டு வாங்கவில்லை. நானே எடுத்துக் கொடுத்தேன்.

அவரிடம் சொல்லவில்லை. அவளை அனுப்பாதே, அனுப்பாதே என்று ஒற்றைக் காலில் நின்றவர் அவர். கூரைக்கும் அவர் மருந்துக்கும் வழி பிறக்கும் என்று கையெழுத்துப் போட்டவள் நான். எந்த வாயால் சொல்ல.

15 ஒக்டோபர், புதன்

லீவு. முறைப்பாடு கொடுக்கப் பதுளை வெளிநாட்டு வேலைவாய்ப்புக் கந்தோருக்கு. அவரிடம் பிள்ளைக்காம்பராக் கூட்டம் என்று பொய். தலைவர் கூட வந்தார். "அப்பவே சொன்னேனே" என்று ஒரு வார்த்தை சொல்லவில்லை. சொல்லியிருந்தால் கொஞ்சம் ஆறுதலாக இருந்திருக்கும்.

கொண்டுபோனது: பாஸ்போர்ட் கொப்பி, ஒப்பந்தக் கொப்பி, அவள் படம் 2, என் அடையாள அட்டை, இந்தப் புத்தகம்.

மேசையில் இருந்த பெண்ணுக்கு ரேவதி வயதுதான். பொறுமையான பிள்ளை.

"கடைசியா எப்ப பேசினீங்க அம்மா?"

"ஏப்ரல்ல."

"அதுக்குப் பிறகு ஒரு தகவலும் இல்லயா?"

"ஜூலை வரைக்கும் மிஸ்ட் கோல் வந்திச்சி."

"சரி. அப்ப ஜூலைக்குப் பிறகு ஏன் இவ்வளவு நாள் வரல்ல?"

அந்தக் கேள்விக்கு என்னிடம் இருந்தது கடைசிப் பக்கம்தான். காட்டினேன். வாசித்தாள், ஒவ்வொரு பக்கமாகப் புரட்டினாள். பிறகு எல்லாவற்றையும் எழுதிக்கொண்டாள்.

அங்குள்ளவர்களுக்கு எழுதித் தேடுவார்களாம். நாள் எடுக்குமாம். "போன் எந்த நேரமும் ஆன்ல இருக்கணும் அம்மா. எந்த நம்பர்ல வந்தாலும் எடுத்துருங்க."

அவளை அனுப்பிய ஏஜன்சிக்காரருக்குப் பஸ் ஸ்டாண்டிலிருந்து அடித்தேன். அடித்தது, அடித்தது, எடுக்கவில்லை. அவரும் தெரியாத நம்பரை எடுப்பதில்லை போலும்.

17 ஒக்டோபர், வெள்ளி

மண்சரிவு எச்சரிக்கை என்று மெசேஜ். மழை விடவில்லை. பிள்ளைகளில் பாதி வரவில்லை. போனை அவரிடமிருந்து எடுத்துக்கொண்டு பிள்ளைக்காம்பராவுக்கே போகிறேன், அங்கே வாசல்படியில் சிக்னல் இருக்கிறது. ஏன் என்று கேட்டார். பிள்ளைகளின் தாய்மார் கோல் எடுப்பார்கள் என்றேன். பொய்க்குமேல் பொய். ரிங் வந்தால் சொல்கிறேன் என்றும் சொன்னேன்.

இன்று ஏழு கோல். ஒவ்வொன்றையும் ஓடிப்போய் எடுத்தேன். கடன் வேண்டுமா. பாட்டு வேண்டுமா. ஜாதகம் வேண்டுமா.

ஏழாவது, அந்த லொத்தர்க்காரன். இந்த முறை தமிழ் பேசுகிறவனை வைத்திருக்கிறார்கள். "அம்மா வாழ்த்துக்கள், உங்களுக்குப் பெரிய பரிசு விழுந்திருக்கு." எனக்கு என்ன வந்ததோ தெரியவில்லை. கத்தவில்லை. மெதுவாகத்தான் கேட்டேன்.

"தம்பி, ஒங்ககிட்ட ஒலகத்துல உள்ள நம்பர் எல்லாம் இருக்குதானே. எம் மக ரியாத்துல இருக்கா. ரேவதி. மூணு மாசமா தகவல் இல்ல. அந்தப் பக்கமும் நீங்க அடிப்பீங்கதானே. அடிக்கிறப்ப யாராவது ரேவதின்னு சொன்னா, அம்மா தேடுறான்னு ஒரு வார்த்த சொல்லுங்க. பரிச நீங்களே வச்சிக்கங்க."

அந்தப் பக்கம் வேறு ஆட்கள் யாரிடமோ பரிசு பரிசு என்று பேசுவது தூரத்தில் கேட்டது. பிறகு வைத்துவிட்டான்.

வாசல்படியிலேயே உட்கார்ந்து அழுதேன். சின்னதுகள் சுற்றி நின்று பார்த்தன. ஒன்று தன் பிஸ்கட்டை நீட்டியது.

19 ஒக்டோபர், ஞாயிறு

நாளை தீபாவளி. முறுக்குக்கு மாவு இடித்துச் செல்வி கொண்டுவந்து தந்தாள். அவளுக்குத் தெரியும்.

கந்தோரிலிருந்து இன்னும் ஒன்றும் இல்லை.

எட்டு நாளாக வட்டம் இல்லை என்று அவர் எண்ணிக்கொண்டே இருக்கிறார். வந்த ரிங் இரண்டை நான் சொல்லவில்லை. மத்தியானம் சாப்பாட்டைத் தள்ளிவைத்தார். "நாளக்கி அடிப்பா. தீவாளிக்கு அடிக்காம இருப்பாளா? போன ஜன்னல்லயே மாட்டு சரசு. நீ தூக்கிக்கிட்டு அலையாத."

மாட்டினேன்.

20 ஒக்டோபர், திங்கள்

தீபாவளி. மழை விட்டுவிட்டது. நாலு பக்கமும் வெடி. அவருக்கு எண்ணெய் தேய்த்து, கால் நனையாமல் குளிப்பாட்டினேன். புதுச் சாரம் கட்டிக்கொண்டு ஜன்னலைப் பார்த்தபடி உட்கார்ந்துவிட்டார். இட்லியைத் தொடவில்லை. மாத்திரையும் போடவில்லை. "அவ அடிக்கட்டும், அப்பறம் சாப்புடுறேன்."

எட்டு மணி. ஒன்பது. பத்து. செல்வி பலகாரம் வைத்துவிட்டுப் போனாள். கந்தோர் இன்று பூட்டு, அங்கிருந்தும் வராது. அவர் கை நடுங்கத் தொடங்கிவிட்டது. காலையில் சீனிக்கு ஊசி போட்ட உடம்பு, சாப்பாடு இல்லாமல் சீனி இறங்குகிறது.

11.40. ஒரு ரிங். நின்றது.

நான்தான் பக்கத்தில் நின்றேன். போனை ஆணியிலிருந்து எடுத்துப் பார்த்தேன். ஒன்பதில் தொடங்கவில்லை.

"யாரு, ரேவதியா?"

"ஆமாங்க. ரேவதிதான்."

"நான் சொன்னேன்ல," என்றார். இட்லித் தட்டைப் பக்கத்தில் இழுத்து, ஒரு வாய் வைத்து, மென்றுகொண்டே கையை நீட்டினார்.

சிவப்புப் பேனாவை எடுத்துக் கொடுத்தேன்.