தொண்ணூறு டிகிரி

14 ஜூன் 2006, சரோஜினி நகர்

அக்காவின் லேப்டாப் இன்றும் தானாகவே அணைந்தது. நான் ஏற்றியிருக்கும் லினக்ஸ் இயங்குதளத்தில் அதன் விசிறி வேகமெடுப்பதில்லை. சூடு தொண்ணூறு டிகிரியைத் தொட்டால் எல்லாம் நின்றுவிடுகிறது. என் ஆய்வுக்கான கணக்கீடு விடிவதற்குள் ஓடி முடிய வேண்டும். நாளை சமர்ப்பிக்கக் கடைசி நாள். அமைப்புக் கோப்பைத் திறந்து அந்த எல்லையை நூற்றைந்து ஆக்கினேன். யாரிடமும் சொல்லவில்லை.

அறையின் ஏர்கூலரை மேசைப் பக்கம் திருப்பினேன். ஈரக்காற்று லேப்டாப்புக்கு ஆகாது என்று அப்பா அதன் தண்ணீர் மோட்டாரை மட்டும் நிறுத்தினார். வெறும் அனல் வீசியது. அதிலேயே எல்லோரும் படுத்தார்கள்.

அக்கா மட்டும் வந்து தொட்டுப் பார்த்தாள். "டேய், இதுல தோசையே வார்க்கலாம் போலிருக்கே. வெடிச்சுடாதுல்ல?"

"தொண்ணூறு வந்தா தானா அணைஞ்சுடும்க்கா."

"அச்சா, அப்ப சரி." படுத்ததும் தூங்கிவிட்டாள்.

அப்போதே திரையில் தொண்ணூற்று நான்கு.

கொஞ்ச நேரம் அந்த எண்ணையும் அவளையும் மாறி மாறிப் பார்த்துக்கொண்டிருந்தேன். பிறகு எல்லையைப் பழையபடி தொண்ணூறு ஆக்கினேன். அந்தக் கணமே திரை இருண்டது. கணக்கீடு பாதியில் போயிற்று. காலையில் பேராசிரியரிடம் என்ன சொல்வேன், தெரியவில்லை. மூடியின் மேல் கை வைத்திருக்கிறேன். இன்னும் ஆறவில்லை.