பால்சுறாவும் வலை ஈயமும்

மர்ஷூதா,

அஸ்ஸலாமு அலைக்கும். உன் முழங்கால் வலி எப்படி? நான் சுகம், என் வயிறுதான் என்னை முந்திக்கொண்டு நடக்கிறது. நம் வீட்டுப் போனில் பேசினால் எத்தாளை ஊர் முழுக்கக் கேட்கும், முதலில் உன் உம்மா கேட்பா. அதனால்தான் ஊருக்கு வரும் ஸியாதிடம் இதைக் கொடுத்துவிடுகிறேன்.

நேற்று எங்கள் மீன் கம்பனியில் பெரிய சுறா ஒன்றைப் பரிசோதகர் கழித்துவிட்டார். பார உலோகம் கூடவாம். வலையில் கட்டும் ஈயக் குண்டை விழுங்கியிருக்கும் என்று நான் அதன் வயிற்றைக் கீறித் தேடினேன். கூட வேலை செய்யும் கனமூலை ஊர் இப்ஹாம் விழுந்து விழுந்து சிரித்தான்.

"என்ன காக்கா, வலைக்கு ஈயம் பொறுக்குறீங்களா? அது பாதரசம், சதையோட ஊறிக் கிடக்கு. கழுவினாலும் போகாது, அவிச்சாலும் போகாது. பால் குடுக்கிற உம்மாமாருக்கு ஆகவே ஆகாதாம்."

நானும் சிரித்தேன். பிறகுதான் உறைத்தது. பிள்ளை பெற்றிருக்கும் நம் மகள் ஃபாஹிமாவுக்குப் பால் ஊறட்டும் என்று உன் உம்மா தினமும் சுறா ஆக்குகிறாவே!

நிறுத்திவிடு. சாளை, கீரி மாதிரிச் சின்ன மீன் போதும். பாதரசம் என்றால் உம்மா நம்பமாட்டா. சுறா விலை கூடிவிட்டது என்று சொல், உடனே நம்புவா. நிறுத்தியதும் போனில் "விலை கூடிப்போச்சு" என்று மட்டும் சொல். அப்போதுதான் எனக்கு நித்திரை வரும். பேரன் அழுதால் போனைக் கொஞ்சம் அவன் பக்கம் வை.

ஸியாத் ஹோர்ன் அடிக்கிறான்.

உன் அலியார்