நாலு வெள்ளைச் சட்டையும் ஒரு மருந்து வண்டியும்

மருந்து டேங்கை முதுகிலிருந்து இறக்கி வைக்கவே தெரியாத என் மாமாவுக்கு,

நான் நன்றாக இருக்கிறேன். முதலில் செய்தியைச் சொல்லிவிடுகிறேன், உங்களுக்குப் பொறுமை கிடையாது. நம் தோட்டத்துக்கு மருந்தடிக்கிற வண்டி வாங்கிவிட்டோம். டிராக்டருக்குப் பின்னால் மாட்டுகிற சமாச்சாரம் இல்லை. அதற்கென்று தனி இன்ஜின், நாலு சக்கரம், மேலே ஒரு ஆள் உட்கார்ந்து ஓட்டலாம். எந்த வண்டி என்று முடிவு செய்தது நான்தான். உங்கள் தம்பி அதற்கு ஒத்துக்கொண்டார். ஆமாங்க, அவரேதான்.

நீங்கள் போன இந்த ரெண்டு வருசத்தில் மருந்தடிக்கிற வேலை முழுக்க, நம்மோடு தோட்டத்தில் பாடுபடுகிற மாரப்பண்ணன் தலையில் விழுந்துவிட்டது. முன்பெல்லாம் நீங்கள் ஒரு டேங்க், அவர் ஒரு டேங்க். இப்போது பதினெட்டு ஏக்கர் மக்காச்சோளத்துக்கும் வெங்காயத்துக்கும் அவர் ஒருத்தர்தான். வெளியாள் கூப்பிட்டால் மருந்து என்றதும் நழுவுகிறார்கள். போன தை மாதம் படைப்புழுவுக்கு அடித்துவிட்டு வந்து வரப்பில் உட்கார்ந்து வாந்தி எடுத்தார். "ஒண்ணுமில்லீங்கம்மா, வெயிலுங்க" என்றார். தை மாதத்தில் என்ன வெயில்? சீக்கிரம் ஒரு மெஷின் வாங்கி, அதற்குப் பிறகு இந்தத் தோட்டத்தில் யாரும் முதுகில் டேங்க் கட்டக் கூடாது என்று அன்றைக்கே சொல்லிவிட்டேன்.

உங்கள் தம்பிக்கும் அதில் மறுப்பில்லை. தோட்டம் பொதுவில் இருக்கிறது, அவர் தலையாட்டாமல் ஒரு ஆணிகூட அடிக்க முடியாது. ட்ரோன் விடலாமா என்று கொஞ்ச நாள் பேசினோம். சுற்றிலும் தென்னை, நடுவில் கரண்டுக் கம்பி, வேண்டாம் என்று விட்டோம். வண்டிதான் என்று ஆன பிறகு, எந்த வண்டி என்பதில் முட்டிக்கொண்டோம்.

ரெண்டு வண்டி பார்த்தோம். ஒன்றில் மருந்து தெளிக்கிற நீளக் குழாய், அதைப் பூம் என்கிறார்கள், முன்னால் இருக்கிறது. ஓட்டுகிறவர் கண்ணெதிரே மருந்து பீய்ச்சுகிற எல்லா நாசிலும் தெரியும். ஒன்று அடைத்தாலும் உடனே கண்டுபிடித்துவிடலாம். ஸ்டியரிங்கை ஒடித்தால் நின்ற இடத்திலேயே திரும்புகிறது. இன்னொன்றில் பூம் பின்னால். வண்டி நல்ல உயரம், சோளத்தட்டு நெஞ்சளவு வளர்ந்தாலும் ஒடிக்காமல் போகும். ஆனால் திரும்புவதற்கு ரெண்டு கோடியிலும் இடம் விட வேண்டும், நாசில் அடைத்தால் கழுத்தைத் திருப்பித் திருப்பிப் பார்க்க வேண்டும்.

"ஏனுங்க நங்கையா, கண்ணு முன்னால நடக்கற வேலையப் பாக்கறது சுலபமா, முதுகுக்குப் பின்னால நடக்கறதப் பாக்கறது சுலபமா?" என்று அண்ணியான என்னையே மடக்கினார் உங்கள் தம்பி. காங்கேயம் பக்கம் ஒருத்தர் தோட்டத்தில் முன்பூம் வண்டி ஓடுவதைப் பார்த்துவிட்டு வந்ததிலிருந்து அவருக்கு அதே பேச்சு. விற்கிற பையனிடம் வாக்கும் கொடுத்துவிட்டார். மாரப்பண்ணனைக் கேட்டால், "எதானாலும் சரிங்கம்மா, முதுகுல ஏறாம இருந்தாப் போதுமுங்க" என்கிறார்.

எனக்கு மட்டும் ஒன்று உறுத்தியது. முன்னால் தெளிக்கிற மருந்துக்குள் நாமேதானே போய் நுழைகிறோம்? கேட்டால் விற்கிற பையன் சிரிக்கிறான். "மருந்து கீழதாங்க மேடம் போகும்." மேடமாம். மேற்கே இருந்து அடிக்கிற ஆடி மாதத்துப் பாலக்காட்டுக் காற்றில் ஒரு துண்டைக்கூடக் காயப் போட்டுப் பார்த்திருக்க மாட்டான் போலிருக்கிறது.

"ரெண்டு வண்டியவும் கொண்டாங்க. நான் கலக்கற தண்ணியில ஓட்டிக் காட்டுங்க. காலங்காத்தால வேண்டாம், காத்து எந்திரிச்சப்புறம் பத்து மணிக்கு வாங்க" என்றேன். காற்றில்லாத நேரத்தில்தான் அடிக்க வேண்டும் என்று எனக்கும் தெரியும். ஆனால் தண்ணீர் நிரப்பி, மருந்து கலக்கி, டீ குடித்து, நீங்கள் ஒரு நாளாவது காற்றுக்கு முன்னால் முடித்ததுண்டா?

தெளிக்கிறது எங்கே படுகிறது என்று தெரிய முதலில் மஞ்சள்தூள் கலக்கலாம் என்று நினைத்தேன். நாசில் அடைத்துவிடும். சொட்டு நீலம்தான் சரி என்று பல்லடத்துக் கடையில் இருந்த அத்தனை பாட்டிலையும் எடுத்து வைத்தேன். "ஏனுங்கக்கா, கட்சி மாநாட்டுக்கு வேட்டி வெளுக்கறீங்களா?" என்றாள் கடைக்காரி. பிறகு வீட்டுக்கு வந்து பீரோவைத் திறந்து உங்கள் வெள்ளைச் சட்டை நாலை எடுத்தேன். நீங்கள் போனதிலிருந்து கை வைக்காத அடுக்கு அது. கொஞ்ச நேரம் அழுதேன், பொய் சொல்வானேன்.

மறுநாள் ரெண்டு வண்டியும் வந்தன. முழங்கால் உயரச் சோளத்துக்குள் முன்பூம் வண்டியை இறக்கினோம். "எம்பட வண்டிய நானே ஓட்டறனுங்க" என்று உங்கள் தம்பி உங்கள் சட்டையை மாட்டிக்கொண்டு ஏறினார். மேற்கே போய்க் கிழக்கே திரும்பி வந்து இறங்கினார்.

மாமா, நெஞ்சு முழுக்க நீலம். கழுத்து, மீசை, காது மடல், கண்ணிமைகூட நீலம். உங்கள் சட்டையில், உங்கள் சாடையில், நீங்களே மருந்தடித்துவிட்டு வருகிற மாதிரி வரப்பேறி வந்தார். முப்பது வருசமாக நீங்கள் இப்படித்தானே வீட்டுக்கு வந்திருக்கிறீர்கள். மருந்து பட்ட இடத்தில் நிறம் நிற்காது, அதனால் எனக்குத் தெரியவில்லை. வேர்வை என்று நினைத்தேன். அந்தச் சட்டையை எல்லோருடைய துணியோடும் ஊறப்போட்டு வெறும் கையால் கசக்கினேன்.

மருந்துதான் உங்களைக் கொண்டுபோயிற்று என்று நான் சொல்லவில்லை. மாரடைப்பு என்றார் டாக்டர், அதற்கு மேல் எனக்குத் தெரியாது. சட்டையில் பார்த்ததை மட்டும் சொல்கிறேன். இதை நான் ஏன் முன்னமே பார்க்காமல் போனேன்?

அடுத்து மாரப்பண்ணன் பின்பூம் வண்டியை ஓட்டினார். முன்பக்கம் சுத்தமாக இருந்தது. ஆனால் முதுகிலும் காலரிலும் பொட்டுப் பொட்டாக நீலம். கிழக்கே வரும்போது காற்று பின்னாலிருந்து தூக்கிக் கொட்டியிருக்கிறது. "பாத்தீங்களா நங்கையா!" என்று உங்கள் தம்பிக்கு முகமெல்லாம் பல். நான் அசரவில்லை. குறை வண்டியில் மட்டும் இல்லை என்று தெரிந்துவிட்டது.

நம் பயிர்ச்சால் வரிசை அத்தனையும் கிழக்கு மேற்கு. கிணற்று வாய்க்கால் பாய்ந்த காலத்தில் நீங்கள் பிடித்த பிடிவாதம். இப்போதுதான் சொட்டு நீர்க் குழாய் போட்டாயிற்றே, தண்ணீருக்குத் திசை எதற்கு? வெங்காயம் எடுத்துவிட்டுச் சும்மா கிடந்த மேட்டுக்காட்டில், மிச்சச் சட்டை ரெண்டையும் மாட்டிக்கொண்டு ரெண்டு வண்டியையும் தெற்கு வடக்காக, காற்றுக்குக் குறுக்கே ஓட்டச் சொன்னேன். முன்பூம் வண்டியில் நெஞ்சு மறுபடியும் நனைந்தது, வண்டியே போய் அதற்குள் நுழைகிறதே. பின்பூம் வண்டியில் கைப்பக்கம் நாலைந்து பொட்டு, அவ்வளவுதான்.

நாலு சட்டையையும் மோட்டார் ரூம் முன்னால் கம்பியில் மாட்டினேன். விற்கிற பையன் செல்போனைப் பார்க்க ஆரம்பித்தான். உங்கள் தம்பி முதல் சட்டையின் நெஞ்சைத் தொட்டுப் பார்த்தார்.

"அண்ணனும் இப்பிடித்தான் நனஞ்சிருப்பானுங்களா?"

"நீங்களும் இன்னிக்கு நனஞ்சிருக்கீங்க. மாரப்பண்ணன் இன்னமும் நனையறாருங்க" என்றேன்.

"செரி, பின்னால பூம் இருக்கறதே வரட்டுமுங்க. குடுத்த வாக்க நான் பேசிக்கறேன்" என்றார். உங்கள் தம்பியை இத்தனை வருசம் வெறும் வீம்புக்காரர் என்று நினைத்துவிட்டேன்.

வருகிற வெள்ளாமையிலிருந்து சால் தெற்கு வடக்குதான். வண்டி திரும்ப ரெண்டு கோடியிலும் இடம் விடுவேன், அதில் சில வரிசைச் சோளம் போகும். கோபப்படுவதானால் படுங்கள். முகமூடி, கையுறை ரெண்டும் போடாமல் வண்டியில் ஏறக் கூடாது என்றும் சொல்லிவிட்டேன். முதல் நாள் நானே ஏறி மேட்டுக்காட்டில் ரெண்டு சுற்று ஓட்டினேன், நன்றாகத்தான் ஓட்டினேன்.

கடைசியாக ஒன்று சொல்ல வேண்டும். இதைச் சொல்லத்தான் எழுத உட்கார்ந்தேன் என்று இப்போது தோன்றுகிறது.

போன வாரம் மாரப்பண்ணன் முதன்முதலாக மருந்தோடு ஓட்டி முடித்தார். இறங்கிச் சட்டையைக் கழற்றி முன்னும் பின்னும் பார்த்தார், மோந்து பார்த்தார். "ஏனுங்கம்மா, இன்னிக்கு நான் ஊட்லயே படுத்துக்கலாமுங்களா?" என்று கேட்டார். எனக்குப் புரியவில்லை. மருந்தடித்த நாளெல்லாம் அவர் மோட்டார் ரூமில் படுப்பதை மோட்டார் காவலுக்கு என்றுதான் நான் நினைத்திருந்தேன். குழந்தைகள் இருக்கிற வீட்டுக்கு அந்த உடம்போடு போகக் கூடாது என்று முப்பது வருசமாகப் படுத்திருக்கிறார்.

"சொல்லியிருக்கலாமில்லீங்க, மாரப்பண்ணா?" என்றேன்.

"ஐயாகிட்டச் சொன்னனுங்கம்மா. நீங்களும் ஊட்டுக்குள்ள போகாதீங்கன்னு சொன்னனுங்க. சிரிச்சுப்போட்டாருங்க."

சிரித்தீர்களா, மாமா?

அவர் சொன்னதை ஒரு தடவை, ஒரே ஒரு தடவை, என்னிடம் வந்து சொல்லியிருக்கக் கூடாதா?

இனிமேல் மருந்து விஷயத்தில் மாரப்பண்ணன் வேண்டாம் என்றால் வண்டி நிற்கும். பயிரே போனாலும் நிற்கும். அவர் சொல்லி நான் சிரிக்க மாட்டேன். இது உங்கள் மேல் சத்தியம்.

கோபம் தீராத, பிரியமும் தீராத,
உங்கள் வீட்டுக்காரி