M வரைக்கும்தான்

மே 6, திங்கள்

காலை ஏழுக்கே அனல். அவர் மாரடைப்பில் போய் நாற்பத்தோராம் நாள். குவார்ட்டர்ஸ் காலி செய்ய அவகாசம் கேட்டு மனு எழுத வேண்டும். எழுதவில்லை.

கம்ப்யூட்டரில் இன்று K. பிரவுசரில் ஓர் எழுத்தைத் தட்டினால் அவர் முன்பு தேடியதெல்லாம் கீழே வரிசையாக வருகிறது. தமிழை இங்கிலீஷ் எழுத்தில் அடிப்பார். நாளுக்கு ஓர் எழுத்து என்று வைத்திருக்கிறேன், சட்டென்று தீர்ந்துவிடக் கூடாதே. 'கத்திரிச் செடி பூச்சி.' 'கண் மங்கலா தெரியுது.' என்னிடம் சொன்னதே இல்லை.

மே 7, செவ்வாய்

L. 'லேப்டாப் எது நல்லது.' பிரியாவின் காலேஜுக்குத்தான். அவளிடம் சொன்னேன். தலையை மட்டும் ஆட்டினாள். கல்நெஞ்சுக்காரி. அப்பாவுக்காக என் முன்னால் ஒரு நாள் அழுதாளா?

மே 8, புதன்

M. 'முடி கொட்டாமல் இருக்க.' மைன்ஸ் ஹெல்மெட்தான் காரணம் என்று திட்டிக்கொண்டே ஷிஃப்டுக்குப் போவார். சிரித்துவிட்டேன். அவர் போனபின் முதல் சிரிப்பு.

பிரியா கதவருகே. "எதுவரைக்கும்மா வந்திருக்கே?"

"M. நாளைக்கு N."

மே 9, வியாழன்

பால் கார்டு, ஜெராக்ஸ், பஜார். ரேஷன் மறந்தாச்சு. வந்து உட்கார்ந்து N தட்டினேன். ஒன்றுமில்லை. A-விலும் இல்லை.

"ஸ்லோவா இருந்துச்சும்மா. டெம்ப்ரரி ஃபைல், ஹிஸ்டரி எல்லாம் கிளியர் பண்ணிட்டேன். குப்பைதானே."

குப்பையாம். கை நீட்டிவிட்டேன், பதினேழு வயசுப் பெண்ணை. இன்னும் பதிமூன்று எழுத்து இருந்தது.

மே 10, வெள்ளி

அவள் தட்டில் சோறு அப்படியே. கரண்ட் போய் வந்தது. மாலை அவளே பக்கத்தில் வந்து உட்கார்ந்தாள்.

"நான் மொத வாரமே எல்லாத்தையும் படிச்சிட்டேன்மா. நீ N-க்கு வர்றதுக்குள்ள அழிச்சிடணும்னுதான்..."

"என்னடி இருந்துச்சு?"

"விடும்மா."

விடவில்லை. சுவரைப் பார்த்துக்கொண்டே சொன்னாள். "'நெஞ்சு வலி, கேஸா ஹார்ட்டா.' நாலு தடவை தேடியிருக்காரு. போறதுக்கு முந்தின வாரம்."

அந்த வாரம்தான் நெஞ்சைத் தடவிக்கொண்டு என்னிடமும் கேட்டார், கேஸா இருக்குமோ என்று. கேஸ்தான் என்று சொல்லி ஓம வாட்டர் கொடுத்தவள் நான்.