பிடிமண்ணைத் திருப்பிக் கொடுக்கவில்லை அப்பா

தேத்தண்ணியை ஆறவிட்டே குடிக்கும் என் அப்பாவுக்கு,

ஊருக்குப் போய்விட்டு வந்தேன். உங்க கடைசி ஆசையை நான் நிறைவேற்றவில்லை. முதலிலேயே சொல்லிவிடுகிறேன், அப்புறம் நீங்க முகத்தைத் தூக்கி வைத்துக்கொள்ளக் கூடாது.

ஆஸ்பத்திரிக் கட்டிலில் கிடந்தபடி என்ன சொன்னீங்க? நம் தேயிலைத் தோட்டத்துக் கருப்பசாமி பீடத்தில் ஒரு பிடி மண் எடுத்து, சாணார்பட்டிப் பக்கம் இருக்கிற நம் பூர்வீகக் கோயிலில் சேர்த்துவிடச் சொன்னீங்க. உங்க தாத்தா பஞ்சம் பிழைக்க இலங்கைக்குக் கிளம்பியபோது அந்தக் கோயிலில்தான் பிடிமண் எடுத்து மடியில் கட்டிக்கொண்டு வந்தார். அதை வைத்துத்தான் இங்கே பீடம் போட்டார். "மண்ணத் திருப்பிக் குடுத்துட்டா நம்ம பாரம் எறங்கிரும்மா" என்றீங்க. என்ன பாரம் என்று கேட்டேன். நீங்க சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டீங்க.

திண்டுக்கல்லில் பஸ் மாறி, மடியில் தேயிலை டின்னோடு போனேன். அதற்குள்தான் மண். நீங்க சொன்ன கண்மாயில் இப்போது தண்ணீர் இல்லை, கருவேலமரம்தான் நிற்கிறது. விடிந்ததும் மில் வேன் வந்து பெண்களை ஏற்றிக்கொண்டு போகிறது. மிச்சப் பேர் மல்லிகைத் தோட்டத்தில் பூ எடுக்கிறார்கள். நம்மிடம் தேயிலைக் கொழுந்தை நிறுக்கும்போது எடையில் கழிவு பிடிப்பார்களே, அதேபோல அங்கே ஈரம் என்று சொல்லிப் பூவுக்கும் கழிவு பிடிக்கிறார்கள். வெள்ளைக்காரன் வரி வாங்கியே வறள வைத்து, பிறகு கங்காணியை அனுப்பி ஆள் பிடித்த ஊர் அது. அவன் போய் இத்தனை காலமாச்சு. அங்கே இருந்தவர்களுக்கும் விடியவில்லை, கடல் தாண்டி வந்த நமக்கும் விடியவில்லை. இதில் யார் யாரை விட்டுவிட்டு ஓடினோம் அப்பா?

உங்க பங்காளி, முறைக்கு எனக்குப் பெரியப்பா, நன்றாகத்தான் கவனித்தார். சோறு போட்டு, தொட்டுக்கொள்ள வெஞ்சனம் போதுமா போதுமா என்று கேட்டு வைக்கச் சொன்னார். மறுநாள் மாசிப் பொங்கல். பங்காளி வீட்டுப் பானைகளெல்லாம் கோயில் முன்னால் ஒரே வரிசையில் இருக்கும். முதல் பானையின் அடுப்பிலிருந்துதான் மற்ற அடுப்புகளுக்கு நெருப்பு எடுப்பார்கள். அந்த வரிசையில் உங்க பேரில் ஒரு பானை வைக்க வேண்டும் என்றேன். பொம்பளப் பிள்ளை வைக்கலாமா என்று கேட்பார் என நினைத்தேன், கேட்கவில்லை. "தாராளமா வையி தாயி. அன்னைக்கு ஒங்கப்பன் செஞ்ச மாதிரி செஞ்சிட்டு வையி" என்றார்.

நீங்க என்ன செய்தீங்க என்பது அப்போதுதான் எனக்குத் தெரிந்தது. எனக்குப் பத்து வயதில் நீங்க ஊருக்குப் போய்விட்டுக் கருப்பட்டியோடு திரும்பி வந்தீங்களே, ஊரே கட்டிப்பிடித்து அழுதது என்று சொன்னீங்களே. அத்தனையும் பொய். கோயில் வாசலில் எல்லோர் முன்னாலும் உங்களை நெடுஞ்சாண்கிடையாக விழ வைத்து, சாமியை விட்டுவிட்டு ஓடியது எங்கள் குற்றம் என்று மூன்று தடவை சொல்ல வைத்திருக்கிறார்கள். பெரியப்பா இதைக் குறையாகச் சொல்லவில்லை. உங்கப்பன் பணிவான ஆள் என்று பாராட்டிச் சொன்னார். அன்றைக்கு நான் தூங்கவே இல்லை.

காலையில் பெரியப்பா வரிசைக்கு முன்னால் நின்று, என்னை விழச் சொன்னார். நான் டின்னைப் பிடித்துக்கொண்டு நின்றேன்.

"எங்க பூட்டன் சாமிய விட்டுட்டுப் போகல பெரியப்பா. மடியில கட்டித் தூக்கிக்கிட்டுத்தான் போனாரு. அவரு விட்டுட்டுப் போனது சோறு இல்லாத வீட்ட. அதுக்கு நான் விழ மாட்டேன்."

அப்படியானால் வரிசையில் இடமும் இல்லை, நெருப்பும் இல்லை என்று சொல்லிவிட்டார். சரி என்றேன். பத்தடி தள்ளி வேப்பமரத்துப் பக்கம் மூன்று கல் தேடிக் கொண்டுவந்து, என் தீப்பெட்டியில் நானே பற்றவைத்தேன். எரிக்கக் கிடைத்த ஓலை ஈரம். புகை கிளம்பிக் கண்ணெல்லாம் தண்ணீர். அழுகிறேன் என்று நினைத்திருப்பார்கள். நினைத்துக்கொள்ளட்டும்.

பெரியப்பாவின் சின்ன மருமகள் ஜோதி, பூ எடுக்கப் போகிறவள். முந்தின நாள்தான் அவளும் நானும் விரல்களைப் பக்கத்தில் வைத்துப் பார்த்துச் சிரித்தோம், பூ எடுத்து அவளுக்கும் கொழுந்து எடுத்து எனக்கும் நகக்கண் ஒரே மாதிரி கறுத்திருந்தது. அவள் தனிக்குடித்தனம், அதனால் தனிப் பானை. அவள் அடுப்பு இன்னும் பற்றவைக்கப்படவில்லை. எழுந்தாள். பானையைத் தூக்கி வந்து என் பக்கத்தில் வைத்தாள். திரும்பிப் போய்க் கற்களையும் ஒவ்வொன்றாகத் தூக்கி வந்தாள். பெரியப்பா அவள் பேரைச் சொல்லி அதட்டினார். அவள் நிமிரவே இல்லை.

"மதினி, ஒங்க அடுப்புல இருந்து கொஞ்சம் நெருப்பு எடுத்துக்கிறேன்" என்றாள்.

அப்போதுதான் நான் நிஜமாகவே அழுதேன். நம் பானை பொங்கியதும் உங்க பேரைச் சொல்லிக் குலவை போட்டேன், ஜோதியும் சேர்ந்து போட்டாள். வேறு யாரும் வரவில்லை. பெரியப்பா இன்றுவரை என்னோடு பேசவில்லை.

டின்னைத் திறக்காமலே கொண்டுவந்து, நம் பீடத்தில் எடுத்த இடத்திலேயே மண்ணைப் போட்டுவிட்டேன். அது நம் சாமி, இறக்கி வைக்கிற பாரம் இல்லை. நீங்க விழுந்ததில் எனக்கு உங்க மேல் கோபம் இல்லை. அந்த வலியைக் கருப்பட்டியில் மறைத்து எங்களுக்குக் கொடுத்தீங்களே, அதற்குத்தான் கோபம். ஒரு வார்த்தை சொல்லியிருக்கக் கூடாதா?

அடுத்த மாசிக்கும் போவேன், என் மகளையும் கூட்டிக்கொண்டு. அதே வேப்பமரத்தடியில் உங்க பேரில் பானை வைப்போம். பசித்துப் போனதற்கு நம் வீட்டில் இனி யாரும் மன்னிப்புக் கேட்க மாட்டார்கள். அவளுக்கும் கும்பிடச் சொல்லிக் கொடுப்பேன், நின்றுகொண்டு.

உங்களுக்கும் சேர்த்து நிமிர்ந்து நின்ற
உங்க மூத்த மகள்,
செல்வி