வேண்டாத வேண்டுதல்

மார்ச் 4, செவ்வாய்

ஆறாம் கட்டில்காரர் என் உதடு அசைவதைப் பார்த்துவிட்டார். இத்தனை வருட வேலையில் யாரும் கவனித்ததில்லை. ரத்த அழுத்தம் பார்க்கப் பட்டையைச் சுற்றும்போது ஒவ்வொரு நோயாளிக்காகவும் ஒரு வரி வேண்டிக்கொள்வேன் — கடவுளே, இவரைப் பார்த்துக்கொள். அவ்வளவுதான். பட்டையில் காற்று இறங்குவதற்குள் முடிந்துவிடும்.

"என்ன சிஸ்டர் முணுமுணுக்கறீங்க? நம்பர் மறந்துடுமா?"

ஏதாவது சொல்லிச் சமாளித்திருக்கலாம். உண்மையைச் சொல்லித் தொலைத்தேன்.

"எனக்கு அதெல்லாம் வேண்டாம்மா. ஆயுசு பூரா லிஃப்ட் மெக்கானிக்கா இருந்தவன். உச்சி வரைக்கும் ஏறிப் பார்த்தாச்சு. மேல யாரும் இல்ல, மோட்டார்தான் இருக்கு."

சிரித்துவிட்டேன். அவர் சிரிக்கவில்லை.

"நிஜமாத்தான் சொல்றேன். நான் கேக்காததை எனக்காக யாரும் கேக்கக் கூடாது."

சரி என்றேன். ஏன் எனக்கு முகம் சுண்டிப்போனது?

மார்ச் 5, புதன்

வாயை இறுக்கிக்கொண்டு பட்டையைச் சுற்றினேன். மனது தானாகவே சொல்லிவிட்டது. இது கணக்கில் வருமா?

வீட்டில் சொன்னால் கணவர் சிரிக்கிறார். "மனசுக்குள்ள நினைக்கறதுக்கெல்லாம் யாராவது பர்மிஷன் கேப்பாங்களா? அவருக்கு எப்படித் தெரியப்போகுது?"

அவருக்குத் தெரியாதுதான். எனக்குத் தெரியுமே.

மார்ச் 7, வெள்ளி

மருத்துவமனையில் அரைநாள் வகுப்பு. நோயாளியின் பண்பாடும் நம்பிக்கையும். யார் எதைச் சாப்பிடமாட்டார்கள், யார் எந்த நேரத்தில் பிரார்த்தனை செய்வார்கள், யாரை ஆண் செவிலியர் தொடக்கூடாது — எல்லாம் விவரமாகச் சொன்னார்கள்.

"நம்பிக்கையே இல்லாதவங்களுக்கு?" என்று கேட்டேன்.

"நல்ல கேள்வி" என்றார் வகுப்பெடுத்தவர். உடனே டீ இடைவேளை விட்டுவிட்டார்.

மார்ச் 10, திங்கள்

மெக்கானிக்கின் தங்கை வந்திருந்தார். கல்யாணம் செய்துகொள்ளாத மனிதருக்குச் சொந்தம் என்று இவர் ஒருவர்தான். "இருக்கற ஒரு சிஸ்டர் தொல்லையே தாங்கல, இதுல நீங்க வேற" என்று மெக்கானிக் என்னிடம் கிண்டலடித்தார். தங்கை ஏதோ பிரார்த்தனைப் புத்தகத்தைக் கைப்பையிலிருந்து பாதி எடுத்தார். அண்ணன் ஒரு பார்வை பார்த்தார். புத்தகம் உள்ளே போய்விட்டது. பழகிப்போன சண்டை போலிருக்கிறது.

மார்ச் 12, புதன்

மெக்கானிக்குக் காலையில் பக்கவாதம். வலது பக்கம் விழுந்துவிட்டது. பேச்சும் போய்விட்டது.

மார்ச் 13, வியாழன்

தங்கை தன் செல்போனில் பிரார்த்தனையை ஓடவிட்டு, அண்ணன் காதோரம் வைத்திருந்தார். என்னால் பார்த்துக்கொண்டு நிற்க முடியவில்லை.

"அம்மா, இதெல்லாம் வேண்டாம்னு அவர் எங்கிட்டச் சொல்லியிருக்கார்."

"எங்கிட்ட மட்டும் சொல்லலையா? சின்ன வயசுலேருந்து அதையேதான் சொல்லிட்டிருக்கார். நேத்து வந்தவங்க நீங்க. நாளைக்கு அவர் போயிட்டா நீங்களா அழப்போறீங்க?"

தலைமைச் செவிலியரிடம் போனேன். "குடும்பம் கேட்டா விட்டுடு. எதுக்கு வம்பை விலைக்கு வாங்கற?"

அப்ப நோயாளி யாரு? அவரா, அவங்களா? பேச்சு போச்சுன்னா பேசினதும் போச்சா? இல்ல — அந்தம்மாவுக்கு இருக்கற ஒரே பிடிமானத்தையும் நான் பிடுங்கறேனா? வேண்டாம்னு சொன்னவருக்காக நேத்து முழுக்க உள்ளுக்குள்ள வேண்டிக்கிட்டவதானே நானும்? ஒண்ணும் புரியல. ஒண்ணுமே புரியல.

மார்ச் 15, சனி

சொல்வது அவருக்குப் புரிகிறது என்று டாக்டர் சொன்னார். இடது கையை அழுத்தச் சொன்னால் அழுத்துகிறார். அப்படியென்றால் அவரையே கேட்டுவிடலாமே! தங்கையையும் அருகில் நிற்கவைத்து, மெக்கானிக்கின் இடது கையைப் பிடித்துக்கொண்டேன். 'ஆமாம்' என்றால் அழுத்த வேண்டும்.

"இது ஆஸ்பத்திரியா?" அழுத்தினார்.

"நீங்க டாக்டரா?" கை சும்மா கிடந்தது.

அடுத்ததை நான் கேட்பதற்குள் தங்கை குனிந்தார். "அண்ணா, உனக்காக நான் சாமி கும்பிட்டுக்கட்டுமா?"

விரல்கள் இறுகின. நன்றாகவே இறுகின. அது என் ஒருத்திக்குத்தான் தெரியும். ஒரு கணம்... சொல்லாமல் விட்டுவிடலாமா என்றுகூடத் தோன்றியது. "சரிங்கறார்" என்றேன். அந்தம்மா தேம்பித் தேம்பி அழுதார்.

தங்கை முகம் கழுவப் போனதும் அவரிடம் மெதுவாகக் கேட்டேன். "நானும் வேண்டிக்கட்டுமா, சார்?"

கை அசையவில்லை. மறுபடி கேட்டேன். அசையவில்லை. கண் மட்டும் என்மேலேயே இருந்தது.

மனம் மாறிவிட்டாரா? தங்கைக்காக விட்டுக்கொடுத்தாரா? அவருக்கு விட்டுக்கொடுத்தவர் எனக்கு மட்டும் ஏன்... சின்னப் பிள்ளை மாதிரி கோபம் வருகிறது எனக்கு.

மார்ச் 17, திங்கள்

இன்று மனதும் சொல்லவில்லை. காற்று இறங்கும்வரை என்ன செய்வதென்று தெரியாமல் அவர் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தேன். உதடு வெடித்திருந்தது. பஞ்சை நனைத்துத் துடைத்துவிட்டேன்.

மார்ச் 19, புதன்

காய்ச்சல். நெஞ்சில் சளி கட்டிவிட்டது.

மார்ச் 21, வெள்ளி

மெக்கானிக் மதியம் போய்விட்டார். தங்கை பக்கத்திலேயே பிரார்த்தனை சொல்லிக்கொண்டிருந்தார். நான் கால்மாட்டில் நின்றேன், வாயில் எதுவும் இல்லாமல்.

உடம்பைத் துடைக்கத் தானும் வருவதாகத் தங்கை சொன்னார். திரையை இழுத்துவிட்டு இருவரும் துடைத்தோம். கையைத் துடைத்து முடித்தபோது கேட்டார்: "இன்னிக்கு நீங்களும் அண்ணனுக்காக வேண்டிக்கிட்டீங்கல்ல, சிஸ்டர்?"

ஆமாம் என்று சொல்லிவிட்டால் முடிந்தது. அந்த முகம் அதைத்தான் எதிர்பார்த்து நின்றது.

"இல்லம்மா."

துணியைப் பிழிந்துகொண்டிருந்த கை நின்றுவிட்டது. திட்டப்போகிறார் என்று நினைத்தேன்.

"அண்ணன் பேச்சை ஒருத்தராவது கேட்டீங்க" என்றார். பிறகு மூக்கை உறிஞ்சிக்கொண்டு, "முதுகு பாக்கி இருக்கு. அந்தப் பக்கம் பிடிங்க."

பிடித்தேன். இருவருமாக மெதுவாகத் திருப்பினோம்.