லென்ஸ் நகரவில்லை

பெரியவனின் அம்மாவுக்கு,

நான் சுகம். உன் முழங்கால் வலி குறைந்ததா?

கண்புரையை எடுத்து உள்ளே லென்ஸ் வைத்தாயிற்று என்று அப்போதே அடுத்தவரை வைத்து உனக்கு எழுதினேன். ஒன்றை மட்டும் மறைத்துவிட்டேன்.

மறுநாள் டாக்டர் எழுத்துப் பலகையைக் காட்டி வாசிக்கச் சொன்னார். வழக்கம்போல், “மங்கலா இருக்குங்க” என்றேன். மேலே இருந்த பெரிய எழுத்துக்கும் அதையே சொன்னேன்.

அவர் முகம் மாறியது. “லென்ஸ் நகர்ந்திருக்குமோ? மறுபடி திறந்து பார்க்கணும்.”

நான் பதறிக் கையெடுத்துக் கும்பிட்டேன். “வேண்டாங்க! கண்ணு பளிச்சுனு தெரியுது. எனக்குப் படிக்கத்தான் தெரியாது.”

நர்ஸம்மா சிரித்துவிட்டார். “ஐயா, லென்ஸை நாங்க வைப்போம். எழுத்தை நீங்கதான் உள்ளே வச்சுக்கணும்!”

பிள்ளைகளின் கல்யாணப் பத்திரிகையைக்கூடக் கண் கூசுகிறது என்று உன்னை வாசிக்கவைத்தவன் நான். வெட்கமாக இருக்கிறது. மன்னித்துவிடு.

என் அறையில் தங்கியிருக்கும் சமையல்காரரிடம் ஐந்து மாதம் எழுத்துக் கற்றேன். இது முழுக்க என் கையெழுத்து! நான்கு நாளாக எழுதுகிறேன்.

அடுத்தவர் வாசிப்பாரே என்று இத்தனை வருஷம் நீ எழுதாமல் விட்டதையெல்லாம் இனி எழுது. சலவைக்கூடத்தில் வேலைக்கு மணி அடித்துவிட்டது, ஓடுகிறேன். எழுத்தை மட்டும் கொஞ்சம் பெரிதாகப் போடு. கண்ணுக்காக அல்ல.

உன் வீட்டுக்காரன்